நாவல் தோலும் ஆடாதோடை இலையும்: எண் எங்கே பிழைக்கிறது

ஒரே நாவல் மரத்துப் பழத்தை இரண்டு பேர் சோதித்தால் இரண்டு விடை வரும். ஒருவர் தோலோடும் கொட்டையோடும் அரைத்திருப்பார். மற்றவர் சதையை மட்டும் வழித்தெடுத்திருப்பார். ஒருவர் பறித்த அன்றே உறைய வைத்திருப்பார். மற்றவர் சந்தையில் வாங்கி இரண்டு நாள் சொப்பிங் பையில் வைத்திருப்பார். எழுதும்போது இரண்டு பேரும் "நாவல் பழம்" என்றுதான் எழுதுவார்கள். காட்டுப் பழங்கள், இலைகள் பற்றி வருகிற ஒட்சியேற்ற எதிர்ப்புக் கணக்கும் பற்றீரியா எதிர்ப்புக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுதான் முதற் காரணம். ஆய்வுகூடத்தில் கிடைக்கும் எண்ணில் மரத்துக்கு எவ்வளவு பங்கோ, அதைக் கையாண்டவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு பங்கு உண்டு.

உயர்தரத்தில் செயற்றிட்டம் செய்கிற பிள்ளைகள், இறுதி வருட ஆய்வுக்கு இலை தேடுகிற பல்கலைக்கழக மாணவர்கள், கைதடியில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வீட்டில் வறையும் கஞ்சியும் செய்பவர்களுக்கும் பிற்பகுதியில் விஷயம் இருக்கிறது.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் சோதிக்கப் பொருளுக்குக் குறைவில்லை. பழங்களில் நாவல், இலந்தை, சூரை, காரை, ஈச்சு, விளா, நெல்லி, கடலோரத்து நாகதாளி. ஆனையிறவு தாண்டினால் பாலையும் வீரையும். இலைகளில் முருங்கை, முசுட்டை, தூதுவளை, முடக்கொத்தான், குறிஞ்சா, ஆடாதோடை, நொச்சி, பாவட்டை, கற்பூரவள்ளி, வேம்பு. பாலைப்பழக் காலம் வைகாசி, ஆனி. அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கரைப்பானும் உபகரணமும் தயாரான பிறகு பழம் எடுக்கப் போங்கள். பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு கரைப்பானுக்கு அலைந்தால் பழம் காத்திருக்காது.

எடுக்கும் இடத்தை நோட்டில் எழுதுங்கள்: ஊர், மண், திகதி, நேரம், பழுத்த நிலை. பூவோ காயோ உள்ள ஒரு கிளையைப் பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் அழுத்திக் காயவைத்து மாதிரியாக வைத்திருங்கள். பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ள தேசிய உலர்தாவர நிலையத்தின் மாதிரிகளோடு ஒப்பிட்டு அடையாளத்தை உறுதிசெய்ய அது வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் நம்பினால் பிழைக்கும். வன்னிக் காட்டில் தேற்றாவும் காஞ்சிரையும் ஒரே பேரினத்து மரங்கள். தேற்றாங்கொட்டையைக் கலங்கல் தண்ணீர் தெளியப் பாவிப்பார்கள். காஞ்சிரங்கொட்டையில் ஸ்ரிக்னைன் என்ற கொல்லும் நஞ்சு இருக்கிறது. அதன் பழம் தோடம்பழ நிறத்தில் பார்க்க அழகாகவும் இருக்கும்.

சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காவுக்குள்ளும் ஒதுக்கக் காட்டுக்குள்ளும் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் ஒரு பழத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

வேலி இலைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கோப்பாய், புத்தூர், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும்போது அது வேலியில் நிற்கிற தூதுவளையிலும் முசுட்டையிலும் படும். பூஞ்சணக்கொல்லிகளில் சில செப்புச் சேர்வைகள். செம்பு பற்றீரியாவையும் கொல்லும். அந்த இலையைச் சோதித்தால் பற்றீரியா வளர்க்கும் தட்டில், பற்றீரியா வளராத அழகான வளையம் வரும், இலை அதற்குக் காரணமாக இராது. மருந்தடிக்கிற தோட்டத்திலிருந்து விலகி, வீட்டு வளவுக்குள் நிற்கிற செடியிலிருந்து எடுங்கள். பெருந்தெரு ஓரத்து இலையும் வேண்டாம்.

இலையைக் காலையில் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். பூச்சி அரித்ததையும் மஞ்சள் விழுந்ததையும் நீக்கி, முழு இலையாகவே ஓடும் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் நீரில் கரையும் பொருட்கள் தண்ணீரோடு போய்விடும்.

காயவைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். எங்கள் வெயில் வீணாகப் போகக் கூடாது என்ற எண்ணத்தில் முற்றத்துச் சாக்கில் இலையைப் பரப்பிவிடுகிறார்கள். நேர் வெயில் உயிர்ச்சத்து சீயையும் கரோட்டீன்களையும் சிதைக்கும். கற்பூரவள்ளி, நொச்சி போன்ற வாசனை இலைகளில் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒற்றை அடுக்காகப் பரப்பி, நாளுக்கு இரண்டு தடவை புரட்டினால் ஒரு கிழமையிலிருந்து பத்து நாளுக்குள் காயும். நெரித்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் நிழலில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்போது 40 பாகை செல்சியசில் உலர்த்தும் பெட்டியைப் பாவியுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். பூஞ்சணம் பிடித்த இலையைத் துடைத்துப் பாவிப்பதும் பிழை. பூஞ்சணமே பற்றீரியாவுக்கு எதிரான பொருட்களை உண்டாக்கும்.

பொதுவாக 100 கிராம் பச்சை இலை காய்ந்து 20 தொடக்கம் 25 கிராமாக வரும். அதனால் 10 கிராம் தூள் வேண்டுமென்றால் குறைந்தது 60 கிராம் பச்சை இலையாவது எடுங்கள். அரைப்பதிலும் சலிப்பதிலும் கொஞ்சம் போகும். கிறைண்டரை ஒரேயடியாக ஓட்டாமல் இருபது செக்கன் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு அரையுங்கள். பாத்திரம் சூடேறினால் நிழலில் காயவைத்த பொறுமைக்குப் பயனில்லை. சலித்த தூளைக் கபில நிறப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். அதில் 5 கிராமைத் தனியாக எடுத்து 105 பாகையில் நிறை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி மிச்ச ஈரத்தைக் கணக்கிட்டால், பிறகு எல்லா விடைகளையும் உலர்ந்த நிறைக்குச் சொல்லலாம்.

பழங்களுக்கு இந்த வழி சரிவராது. நாவலை வெட்டியவுடன் அதில் உள்ள நொதியங்கள் காற்றோடு சேர்ந்து, ஒட்சியேற்ற எதிர்ப்பைத் தருகிற பீனோல்களைக் கபிலமாக்கத் தொடங்கும். பறித்த அன்றே கழுவி, ஈரம் துடைத்து, தோல், சதை, கொட்டை என்று மூன்றாகப் பிரித்து, தனித்தனியாக உறைய வையுங்கள். பிரிப்பது கட்டாயம். ஊதா நிறம் தருகிற அந்தோசயனின்கள் பெரும்பாலும் தோலில் இருக்கின்றன. எலாகிக் அமிலமும் கலிக் அமிலமும் சேர்ந்த, துவர்ப்புத் தருகிற தனின்கள் கொட்டையில் நிறைய. சதையில் இருப்பது அதிகமும் தண்ணீரும் சீனியும். பாலைப்பழத்தில் பால் பிசின் கத்தியிலும் வடிதாளிலும் ஒட்டும்; நன்கு கனிந்ததை மட்டும் எடுத்தால் தொல்லை குறையும். நாகதாளிப் பழத்தின் நுண்முள்ளைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். இடுக்கியால் பிடித்துத் தணலில் வாட்டி, துணியால் துடைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் வன்னீர். அதைக் கொதிக்க வைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேறி, கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்கும், தண்ணீரும் காரப் பக்கம் சாயும். காரத் தன்மையில் பீனோல்கள் தாமாகவே ஒட்சியேறிக் கறுக்கும். நாவல் தோலின் சிவப்பு நீலமாக மாறிப் பிறகு மங்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் தனின்களோடு சேர்ந்து கருநீலமாகும். கிணற்றுத் தண்ணீரில் கசாயம் வைத்து அதன் ஒட்சியேற்ற எதிர்ப்பை அளந்தால், அளவு குறைந்ததற்கு இலை காரணமா தண்ணீர் காரணமா என்று பிரிக்க முடியாது. சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

கரைப்பானாக 70 சதவீத எதனோல் நல்ல நடுவழி. நீரில் கரைவதும் எண்ணெய்ப் பக்கம் கரைவதும் இரண்டும் ஓரளவு வரும். 10 கிராம் தூளுக்கு 100 மில்லி லீற்றர் எடுத்து, மூடிய குடுவையில் 24 மணி நேரம் இடையிடையே குலுக்கி, வட்மன் முதலாம் இலக்க வடிதாளில் வடித்து, மிச்சத் தூளுக்கு இன்னொரு 100 மில்லி லீற்றர் ஊற்றித் திரும்பச் செய்யுங்கள். இரண்டு வடிசாறையும் சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் 40 பாகைக்கு மேல் போகாமல் கரைப்பானை அகற்றுங்கள். 10 கிராம் தூளிலிருந்து 1.5 கிராம் வற்றிய சாறு வந்தால் விளைவு 15 சதவீதம். இந்த எண்ணை எழுதாமல் விடாதீர்கள். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம், அது வேண்டாம். மெதனோலில் எடுத்த சாறு சோதனைக்கு மட்டுமே. அதை ருசி பார்க்கவும் கூடாது. இரண்டும் எரியக்கூடியவை, ஸ்பிரிட் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து வற்றவிடாதீர்கள்.

பழச் சாறு வற்றித் தூளாகாது. பாகு மாதிரி நூல் இழுக்கும், ஏனென்றால் அதில் பெரும்பகுதி சீனி. இதனால்தான் ஒரு மில்லிகிராம் சாறு என்று ஒப்பிடும்போது இலைக்குப் பக்கத்தில் பழம் எப்போதும் தோற்கிறது. நாவல் பழம் ஆடாதோடை இலையைவிடப் பலம் குறைந்தது என்று அதை வாசிக்கக் கூடாது. நிறுத்த மில்லிகிராமில் எவ்வளவு சீனி என்று கேட்க வேண்டும். பழத்தைப் பழத்தோடு, இலையை இலையோடு, முடிந்தால் சாப்பிடும் பச்சை நிறைக்கே கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

ஒட்சியேற்ற எதிர்ப்பை அளக்க இங்கே அதிகம் நடப்பது டிபிபிஎச் சோதனை. 1958 இல் மாஸ்டன் புளொயிஸ் அறிமுகப்படுத்திய முறை. டிபிபிஎச் என்பது கருநீல ஊதா நிறமுள்ள, ஒற்றை இலத்திரனோடு நிற்கிற சேர்வை. சாறில் உள்ள பீனோல் அதற்கு ஐதரசன் கொடுத்தால் நிறம் மஞ்சளாகும். எவ்வளவு ஊதா மறைந்தது என்று, கரைசல் உறிஞ்சும் ஒளியைக் காட்டுகிற ஒளிமானியில் 517 நனோமீற்றர் அலைநீளத்தில் அளக்கிறோம். 0.1 மில்லிமோலார் கரைசலுக்கு 3.94 மி.கி. டிபிபிஎச்சை 100 மி.லீ. மெதனோலில் கரைத்து, குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி, அன்றே பாவித்து முடியுங்கள். 1 மி.லீ. சாற்றுக் கரைசலுக்கு 3 மி.லீ. டிபிபிஎச், இருட்டில் 30 நிமிடம், பிறகு வாசிப்பு. சாறுக்குப் பதில் மெதனோல் ஊற்றிய ஒப்பீட்டுக் குழாய் 0.9 ஐ அண்டி வர வேண்டும். மிகக் குறைவாக வந்தால் கரைசல் பழுதடைந்துவிட்டது அல்லது நிறுத்தது பிழை. ஒப்பீட்டுக் குழாய் 0.860, சாறு 0.430 என்றால் தடை 50 சதவீதம்.

இந்த எளிய கணக்கில் மூன்று குழிகள் இருக்கின்றன.

ஒன்று நிறம். நாவல் தோலின் அந்தோசயனின் 520 நனோமீற்றரை அண்டித்தான் ஒளியை உறிஞ்சும். நாகதாளியின் சிவப்பு 535 ஐ அண்டி. அதாவது நாம் வாசிக்கிற இடத்திலேயே பழமும் நின்று ஒளியை மறைக்கிறது. டிபிபிஎச் மறைந்தாலும் எண் இறங்காது, பழம் பலவீனமானது போலத் தெரியும். ஒவ்வொரு செறிவுக்கும் 1 மி.லீ. சாறும் 3 மி.லீ. வெறும் மெதனோலும் சேர்த்த இன்னொரு குழாய் வைத்து, அதன் வாசிப்பைக் கழித்தே ஆக வேண்டும். இலைச் சாறிலும் இது தேவை. காய்ந்த இலையில் பச்சையம் சிதைந்து உண்டாகிற பொருட்களுக்கு 505 இலும் 535 இலும் சிறு உறிஞ்சல் இருக்கிறது.

இரண்டாவது செறிவு. மில்லி லீற்றருக்கு 100 மைக்ரோகிராம் உள்ள கரைசலில் 1 மி.லீ. எடுத்து 3 மி.லீ. உடன் கலந்தால் குழாயில் உள்ளது மில்லி லீற்றருக்கு 25 மைக்ரோகிராம்தான். பாதியாக்கும் செறிவை, அதாவது ஐசி 50 ஐ, எந்தச் செறிவில் கணக்கிட்டார்கள் என்று சொல்லாத அறிக்கைகள் நான்கு மடங்கு தள்ளி நிற்கக்கூடும். தடை 20 இலிருந்து 80 சதவீதம் வரையான புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு வரையுங்கள். மேலே கோடு தட்டையாகிவிடும், அங்கிருந்து எடுக்கும் விடைக்கு அர்த்தமில்லை.

மூன்றாவது நேரம். அஸ்கோபிக் அமிலம் ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். தனின் போன்ற பெரிய மூலக்கூறு மெதுவாகச் செய்யும். 5, 15, 30, 60 நிமிடங்களில் வாசித்தால் எந்தச் சாறு வேகம், எது ஆறுதல் என்று தெரியும். 30 இல் மட்டும் வாசித்துவிட்டு நாவல் கொட்டையை அஸ்கோபிக் அமிலத்தோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

மொத்தப் பீனோலுக்கு போலின் சியோகால்ற்றோ முறை. 0.5 மி.லீ. சாறு, பத்து மடங்கு நீர்த்த போலின் கரைசல் 2.5 மி.லீ., ஐந்து நிமிடம் பொறுத்து 7.5 சதவீதச் சோடியம் காபனேற்று 2 மி.லீ., அரை மணி நேரம் கழித்து 765 நனோமீற்றரில் வாசிப்பு. வரிசையை மாற்றிக் காபனேற்றை முதலில் ஊற்றினால் போலின் கரைசல் காரத்தில் சிதைந்துவிடும். உயிர்ச்சத்து சீயும் இதற்கு நீலம் தரும் என்பதால் நெல்லிக்கனிக்கு வருகிற பெரிய எண் முழுவதும் பீனோல் இல்லை.

ஒளிமானி இல்லாத பாடசாலையில் உயிர்ச்சத்து சீயையாவது அளக்கலாம். 2 கிராம் பொற்றாசியம் அயடைட்டையும் 1.27 கிராம் அயடினையும் கொஞ்சத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு 1 லீற்றராக்கினால் 0.005 மோலார் அயடின். 20 மி.லீ. வடித்த பழச்சாறு, 150 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 1 சதவீத மாப்பொருள் கரைசல் 1 மி.லீ.; அயடினைத் துளித்துளியாக விட்டு, கருநீலம் மறையாமல் நிற்கும்போது நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மில்லி லீற்றர் அயடினுக்கும் 0.88 மி.கி. அஸ்கோபிக் அமிலம். நெல்லிக்கும் இலந்தைக்கும் முடிவுப் புள்ளி நன்றாகத் தெரியும். நாவலில் சாறின் நிறமே அதை மறைத்துவிடும்.

இனிப் பற்றீரியா. நோய்க்கிருமி வளர்ப்பது வீட்டு வேலை இல்லை, பொறுப்பாளர் இல்லாத பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் உகந்தது இல்லை. வசதியுள்ள ஆய்வுகூடத்தில் ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் ஒன்று, ஈ. கோலை ஒன்று என இரண்டு நியம இனங்களாவது வேண்டும். பற்றீரியா வளர்க்கும் ஊடகமான முல்லர் ஹின்ரன் ஏகர் லீற்றருக்கு 38 கிராம், 121 பாகையில் 15 நிமிடம் கிருமியழிப்பு. கையில் பிடிக்கக்கூடிய சூட்டுக்கு, 45 தொடக்கம் 50 பாகைக்கு, ஆறியதும் 90 மில்லிமீற்றர் தட்டுக்கு 25 மி.லீ. ஊற்றினால் 4 மில்லிமீற்றர் தடிப்பு வரும். தடிப்புக் குறைந்த தட்டில் வளையம் பெருக்கும், கூடிய தட்டில் சுருங்கும். தட்டு சரிந்திருந்தால் ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. மேற்பரப்பில் வியர்த்த தண்ணீர் நின்றால் பற்றீரியா ஓடிக் கலந்துவிடும், மூடியைச் சற்று விலக்கி உலரவிடுங்கள்.

பற்றீரியாக் கலங்கல் 0.5 மக்பார்லண்ட் அளவில், அதாவது மில்லி லீற்றருக்கு ஏறத்தாழ 15 கோடி, இருக்க வேண்டும். 625 நனோமீற்றரில் 0.08 தொடக்கம் 0.13. இதைப் பார்க்காமல் கண்ணால் மதிப்பிட்டு மெல்லிய கலங்கலைப் பூசினால் எந்த இலையும் வீரியமாகத் தெரியும். பஞ்சுக்குச்சியால் மூன்று திசையிலும் பூசி, 15 நிமிடத்துக்குள் 6 மில்லிமீற்றர் துளையிட்டு, துளையின் அடியை ஒரு துளி உருகிய ஏகரால் அடைத்து, 50 மைக்ரோ லீற்றர் சாறு விட்டு, 35 பாகையில் 16 தொடக்கம் 18 மணி நேரம் வையுங்கள். அடி அடைக்காவிட்டால் சாறு தட்டுக்கும் ஏகருக்கும் இடையில் ஒழுகி, வளையம் கோணலாகும்.

வளையம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முதல் நான்கு கேள்வி கேளுங்கள். கரைப்பான் முழுக்கப் போயிற்றா? மெதனோல் மிச்சமிருந்தால் அதுவே கொல்லும். டீஎம்எஸ்ஓ என்ற கரைப்பானின் பத்து சதவீதக் கரைசலில் கரைத்தால் அதே டீஎம்எஸ்ஓவை ஒரு துளைக்குத் தனியாக விடுங்கள். சாறு புளிக்கிறதா? விளாம்பழம், புளி, இலந்தை போன்றவற்றின் அமிலமே பற்றீரியாவைத் தடுக்கும். அதே பீஎச்சுக்கு சித்திரிக் அமிலக் கரைசல் ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்தால் உண்மை வெளிக்கும். வளையம் தெளிவா, மங்கலா? தனின் ஏகரில் உள்ள புரதத்தோடு சேர்ந்து வெண்மையாகப் படிவதை வளையம் என்று அளப்பவர்கள் உண்டு. பக்கத்துத் துளையில் கற்பூரவள்ளி எண்ணெய் இருக்கிறதா? அதன் கார்வக்ரோல் ஆவியாகி மூடிக்குள் பரவி அயல் துளைக்கும் பெயர் வாங்கிக் கொடுக்கும். வாசனை எண்ணெய்களுக்குத் தனித் தட்டு.

ஐந்தாவதாக அளவு. மில்லி லீற்றருக்கு 20 மி.கி. கரைசலில் 50 மைக்ரோ லீற்றர் விட்டால் துளைக்குள் இருப்பது 1 மி.கி., அதாவது 1000 மைக்ரோகிராம். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கிற, பற்றீரியாவைக் கொல்லும் மருந்தான ஜென்ராமைசின் வட்டில் 10 மைக்ரோகிராம். "எங்கள் இலை ஜென்ராமைசினுக்குச் சமமான வளையம் தந்தது" என்று எழுதும்போது நூறு மடங்கு பொருள் போட்டுத்தான் அந்தச் சமம் வந்தது என்பதையும் எழுத வேண்டும். வளையத்தின் அகலம் பொருள் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் பொறுத்தது. பெரிய தனின் மூலக்கூறு நகராது, சிறிய மூலக்கூறு ஓடும். ஆகவே வளையம் முதற் சல்லடை மட்டும். அதைத் தாண்டிய சாறை நுண்குழித் தட்டில் இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டு போய், வளர்ச்சியைத் தடுக்கிற மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். மில்லி லீற்றருக்கு 1 மி.கி.க்கு மேலும் தேவைப்படுகிற சாறைப் பற்றீரியா எதிர்ப்பு என்று சொல்ல நான் விரும்பமாட்டேன். 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் உட்கார்ந்து மேலே ஆராயலாம்.

இலைச் சாறுகள் பலவும் ஸ்ரபைலோகொக்கசைத் தடுக்கும், ஈ. கோலையைத் தொடாது. ஈ. கோலைக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு இருப்பதால் பீனோல்கள் உள்ளே நுழைவது கடினம். ஒரு பக்கம் மட்டும் வளையம் வந்தால் சோதனை தோற்றுவிட்டது என்று அந்தத் தட்டை ஒளிக்க வேண்டாம். அதுவும் விடைதான். தட்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முதல் திரும்ப 121 பாகையில் கிருமியழியுங்கள்.

வளையம் தராத இலை பயனற்ற இலையும் இல்லை. ஆடாதோடையை எங்கள் ஆட்கள் சளிக்கு அவித்துக் குடிக்கிறார்கள். அதிலுள்ள வசிசீன் என்ற அல்கலொயிட்டை அடிப்படையாக வைத்துத்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்து உருவாக்கப்பட்டது. அந்த வேலையைப் பெற்றிக் கிண்ணத்தில் காண முடியாது. அதே வசிசீன் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கசாயம் குடிக்கக் கூடாது.

டிபிபிஎச்சில் வந்த எண்ணை உடம்புக்கு நேராகக் கொண்டுபோகவும் முடியாது. உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு எண்களை ஓஆர்ஏசி அட்டவணையாக வைத்திருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், அந்த எண்கள் உடல்நலத்தோடு பொருந்தவில்லை என்று 2012 இல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரில் நடந்த சோதனையின் முடிவு 1994 இல் வந்தபோது, பீற்றா கரோட்டீன் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. பழமாகச் சாப்பிடுவதும் அதிலிருந்து ஒன்றைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவதும் வேறு வேறு விஷயம். நாவல் கொட்டைத் தூளைப் போத்தலில் அடைத்து "ஒட்சியேற்ற எதிரி நிறைந்தது" என்று விற்பதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. நீரிழிவு மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்து எடுத்தால் சீனி அளவுக்கு மேல் இறங்கக்கூடும். இரத்தச்சோகை உள்ளவர் சாப்பாட்டோடு எடுத்தால் தனின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சமையலுக்கு இந்த அறிவிலிருந்து எடுக்கக்கூடியது நிறைய. நாவலைத் தோலோடு சாப்பிடுங்கள். மிஞ்சினால் அன்றே உறைய வையுங்கள். முருங்கையிலை, முசுட்டையிலை வறைக்கு இலையைக் கழுவிய பிறகு அரிந்து, அரிந்தவுடன் சட்டியில் போட்டு, தேங்காய்ப்பூவோடு நாலைந்து நிமிடத்தில் இறக்குங்கள். தேங்காயின் கொழுப்பு கரோட்டீன் உறிஞ்சப்பட உதவும். தேசிக்காயை அடுப்பில் வைத்துக்கொண்டு விடாமல், இறக்கிய பிறகு பிழியுங்கள். அதன் உயிர்ச்சத்து சீ இலையின் இரும்பை உடம்பில் சேர்க்கும், கொதியில் போனால் பாதி வீண். இலைக்கஞ்சிக்கு இலைச்சாறைக் கஞ்சி வெந்த பிறகு கடைசியில் விட்டு ஒரு கொதியோடு நிறுத்துங்கள்.

இலைக்கஞ்சிக்குள் குப்பைமேனி சேர்க்கிறவர்களுக்கு ஒரு அவசரச் சொல். ஜீ6பீடி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்குக் குப்பைமேனி செங்குருதிக் கலங்களை உடைக்கும். இலங்கையில் குப்பைமேனி சேர்ந்த இலைக்கஞ்சி குடித்தவர்களுக்கு இப்படி நடந்ததை 1996 இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்று பதிவு செய்திருக்கிறது. இந்தக் குறைபாடு ஆண்பிள்ளைகளில் கூடுதலாக வெளிப்படும், இரத்தம் சோதிக்காமல் வெளியே தெரியாது. கஞ்சி குடித்து ஓரிரு நாளுக்குள் சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால், கண் மஞ்சளித்தால், மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று பார்த்திருக்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கஞ்சியில் போட்ட எல்லா இலையிலும் ஒவ்வொரு கொத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுங்கள்.